வசந்தா பசி மறந்த இரண்டு பேர்

எழுதுகிறவர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. யாரோ தங்கள் புத்தகத்தை ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், வெயிலா மழையா என்று பார்க்காமல் கிளம்பிவிடுவார்கள். கடலூரில் அரசு அலுவலகம் ஒன்றில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற லோகநாயகியும் அதற்கு விலக்கல்ல. அவள் எழுதியது மூன்று சிறுகதைத் தொகுப்பு, ஒரு நாவல். ‘மஞ்சக்குப்பத்து மாடி’ என்ற அந்த நாவலை ஊரில் பாதிப் பேர் இலவசமாக வாங்கிக்கொண்டார்கள், மீதிப் பேர் அதையும் செய்யவில்லை. அப்படிப்பட்ட நாவலை வைத்துக் குறிஞ்சிப்பாடிப் பெண் ஒருத்தி முனைவர் பட்ட ஆய்வே செய்திருக்கிறாள் என்றால் யாருக்குத்தான் தலை கால் புரியும்?

அந்தப் பெண் சத்யப்பிரியா. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் ஆய்வு மாணவி. வாய்மொழித் தேர்வுக்கு லோகநாயகியை அவளே போனில் அழைத்தாள். இந்தத் தேர்வு பொதுவில் நடக்கும், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். சொந்தக்காரர்களைக் கூட்டிவருவார்கள், ஸ்வீட்டும் மிக்சரும் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். பாதி பரீட்சை, பாதி கல்யாணம்.

“நீங்க முன்வரிசையில உக்காந்தாவே எனக்கு தெம்பா இருக்கும் மேடம். ஆய்வேட்ட வாட்ஸப்புல அனுப்பியிருக்கேன். நாலாவது இயல மட்டும் கண்டிப்பா படிச்சிட்டு வாங்க” என்றாள் சத்யப்பிரியா.

லோகநாயகி முன்னுரையைப் படித்தாள். அதில் தன்னைப் புகழ்ந்திருந்த பத்தியைத் திரும்பவும் படித்தாள். பிறகு எந்தப் புடவை கட்டுவது என்ற யோசனையில் இறங்கிவிட்டாள். நாலாவது இயலைத் திறக்கவே இல்லை. அன்றைக்கு அதைப் படித்திருந்தால் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்திருப்பாள், அந்தப் பெண்ணும் பிழைத்திருப்பாள்.

தேர்வு அன்று காலை கணவர் கலியமூர்த்தியும் கூடவே வந்தார். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், அதிகம் பேசாத மனிதர். மனைவிக்குச் சால்வை போடுகிறார்கள் என்றால் அதை மடித்து வாங்கிக்கொள்ளப் பையோடு வருகிறவர் அவர்தான். முதல் வரிசையில் இருவரையும் உட்கார வைத்தார்கள். பின்னால் சத்யப்பிரியாவின் அப்பா அம்மா, தாய்மாமன், ஆய்வு மாணவர்கள். கடலூர் இலக்கிய வட்டத்திலிருந்து வந்த ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்து எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

சத்யப்பிரியா முதல் மூன்று இயல்களை மளமளவென்று சொல்லி முடித்தாள். நாலாவதுக்கு வந்ததும் அவள் குரல் மாறியது.

நாவலின் கதாநாயகி வசந்தா. திருமணத்துக்கு முன் அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்தவள் ரோஸ்லின். பிறகு வசந்தாவுக்கு வாய்த்த கணவன் தணிகாசலம். நாவலில் எந்த இடத்திலும் வசந்தா ரோஸ்லினைக் காதலித்தாள் என்று ஒரு வரிகூட இல்லை. படிக்கிறவர்கள் எல்லோரும் அதை நல்ல சிநேகிதம் என்றே எடுத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள். சத்யப்பிரியா மட்டும் போகவில்லை. வசந்தா ஆண்மேலும் பெண்மேலும் காதல் கொள்ளக்கூடியவள், இருவரையும் உண்மையாகவே நேசித்தாள் என்பது அவள் முடிவு.

லோகநாயகி கணவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். பக்கத்தில் கலியமூர்த்தி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

புறத்தேர்வாளராக வந்திருந்தவர் கண்ணாயிரம். நல்ல மனிதர், பேச்சில் ஆசை கொஞ்சம் ஜாஸ்தி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

“எனக்கு இந்த எடந்தாம்மா கொஞ்சம் நெருடுது. வசந்தா புருஷன்மேல உயிரையே வெச்சிருக்கா. அதுல சந்தேகமே இல்ல. அப்புறம் ரோஸ்லின்மேலயும் அதேதான்னா எப்படி? அது சிநேகிதம்தான?”

பின்வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். “இல்லன்னா ரோஸ்லின்மேல இருந்ததுதான் நெசம், புருஷன்கிட்ட நடிக்கிறான்னு வெச்சிக்கலாமா சார்?”

“மன்னிக்கணும். நீங்க ரெண்டு பேரும் ஒரே தப்பத்தான் பண்றீங்க” என்றாள் சத்யப்பிரியா. “ஒண்ணு நெசமா இருந்தா இன்னொண்ணு பொய்யா இருந்தாகணும்னு நீங்களா முடிவு கட்டிக்கிறீங்க. நாவல் அப்படிச் சொல்லல. வசந்தா நல்ல சாப்பாட்டுக்காரி. மாமியார் திட்டுனாலும் சாப்பிடுவா, காய்ச்சல்லயும் சாப்பிடுவா, அப்பா செத்த அன்னைக்கும் ராத்திரி எழுந்து பழைய சோத்தப் போட்டுக்கிட்டு அழுதுகிட்டே சாப்பிடுவா. இந்த மொத்த நாவல்லயும் அவளுக்குப் பசி மறந்துபோனது ரெண்டே பேராலதான். ரோஸ்லின் லீவு முடிஞ்சு திரும்பி வர்ற அன்னைக்குத் தட்டு அப்படியே இருக்கு. கல்யாணமாகி கொஞ்ச நாள் கழிச்சு, வெளியூர் போன தணிகாசலத்துக்காக ஸ்டேஷன்ல காத்திருக்கிறப்ப வாங்குன இட்லிப் பொட்டலம் அப்படியே கையில இருக்கு. ஒரே மனசு, ஒரே அடையாளம். இத ஒரு எடத்துல காதல்னு படிச்சிட்டு இன்னொரு எடத்துல சிநேகிதம்னு படிச்சா, அது நம்ம கண்ணுல இருக்கிற கோளாறு.”

லோகநாயகி இதை எதிர்பார்க்கவே இல்லை. அந்த இரண்டு இடத்தையும் எழுதியவள் அவள்தான், ஆனால் இரண்டும் ஒன்று என்று அவளே கவனித்ததில்லை. பசி மறந்தது கற்பனையும் இல்லை. இதே சிதம்பரத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கியிருந்த விடுதியில், ஒரே அறையில் இருந்த டெலிபோன் ஆபரேட்டர் புஷ்பவள்ளி ஊரிலிருந்து திரும்பி வரும் நாட்களில், தட்டைத் தள்ளிவைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். புஷ்பவள்ளிக்குக் கல்யாணம் நிச்சயமாகி அறையைக் காலி செய்த காலையில், வழியனுப்பப் பயந்துகொண்டு வேண்டுமென்றே சீக்கிரமாக ஆபீசுக்குப் போய்விட்டவளும் அவள்தான். அப்புறம் கலியமூர்த்தி வந்தார். கடமைக்கு அவரோடு குடித்தனம் நடத்தினாள் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். அவரை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. இது எப்படி, அது எப்படி என்று கேட்டால் அவளிடம் பதில் இல்லை. பதில் இல்லாததால்தான் நாவல் எழுதினாள்.

அதை யாரோ ஒரு பெண் குறிஞ்சிப்பாடியில் உட்கார்ந்துகொண்டு சரியாகப் படித்துவிட்டாள். எழுதுகிறவளுக்கு இதைவிடப் பெரிய பேறு கிடையாது. லோகநாயகிக்கோ எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

“எதுக்கு வீணா மல்லுக்கட்டிக்கிட்டு?” என்று கண்ணாயிரம் சிரித்தார். “எழுதுனவங்களே எதிர்ல உக்காந்திருக்காங்க. அவுங்கள கேட்டுட்டா போச்சு.”

“சார், எழுதுனவங்க என்ன நெனச்சாங்கன்றத வெச்சு நான் வாதாடல. புத்தகத்துல என்ன இருக்குன்றதுதான்...” என்று சத்யப்பிரியா தொடங்கினாள். அவளை யார் கேட்டார்கள்? மைக் கைமாறி முதல் வரிசைக்கு வந்துவிட்டது. அவளும் பேச்சை நிறுத்திவிட்டு லோகநாயகியைப் பார்த்தாள். வாய்தான் வேண்டாம் என்றது, முகம் அத்தனை நம்பிக்கையோடு இருந்தது.

லோகநாயகி எழுந்தாள். செல்போன் படமெடுத்துக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் கடலூர் முழுக்கப் போய்ச் சேரும். பக்கத்தில் கணவர். அவரை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைப்பதா?

“நான் அப்படியெல்லாம் நெனச்சு எழுதல. வசந்தாவும் ரோஸ்லினும் கூடப்பொறந்தவங்க மாதிரி. அவ்வளவுதான்.”

இத்தோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் மண்டபத்தில் இருந்த அமைதி அவளுக்குப் பயமாக இருந்தது. அதைக் கலைக்க வேண்டும் என்று மேலும் ஒரு வாக்கியம் சொன்னாள்.

“இந்தக் காலத்துப் பிள்ளைங்க ரெண்டு பொம்பளைங்க ஒண்ணா காபி குடிச்சாக்கூட அந்தக் கண்ணோடதான் பாக்குதுங்க.”

மண்டபமே சிரித்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை கத்தியதில் பக்கத்தில் இருந்தவளும் சேர்ந்து கெட்டாள். சத்யப்பிரியாவின் அப்பாவும் சிரித்தார், மகள் ஏதோ நன்றாகச் செய்துவிட்டாள் என்று நினைத்து.

முடிவு எழுத அதிக நேரம் ஆகவில்லை. பட்டத்துக்குப் பரிந்துரை, ஆனால் நாலாவது இயலை நீக்கிவிட்டு ஆய்வேட்டைத் திரும்பச் சமர்ப்பிக்க வேண்டும். நாவலாசிரியரே மறுத்துவிட்டார் என்று காரணமும் போட்டுக் கையெழுத்திட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். லோகநாயகிக்குச் சால்வை போட்டார்கள், கலியமூர்த்தி அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சாப்பாடு முடிந்து கை கழுவப் போன இடத்தில் சத்யப்பிரியா தனியாக நின்றிருந்தாள். குழாயைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். லோகநாயகி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அருகில் போனாள்.

“சத்யா, நீ எழுதுனதுல தப்பு ஒண்ணும் இல்லம்மா.”

சத்யப்பிரியா நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. “இத உள்ளயே சொல்லியிருக்கலாமே மேடம். கை கழுவுற எடத்துல வந்து சொல்றீங்க.”

லோகநாயகி திரும்பவும் வாசல் பக்கம் பார்த்தாள்.

“நான் பி.ஏ. படிக்கிறப்ப உங்க புத்தகத்தப் படிச்சேன்” என்றாள் அந்தப் பெண். “அதுவரைக்கும் எனக்கு என்னமோ கோளாறுன்னுதான் நெனச்சிக்கிட்டிருந்தேன். எனக்கு எங்க மாமா பையனயும் பிடிச்சிருந்துச்சு. ஹாஸ்டல்ல ஒரு பொண்ணையும் பிடிச்சிருந்துச்சு. ஒண்ணு பொய்யா இருக்கணும், எது பொய்னு தேடித்தேடியே பைத்தியம் பிடிச்சிரும் போல இருந்துச்சு. வசந்தாவப் படிச்சப்புறந்தான் தூங்குனேன். பரவால்ல மேடம். ஸ்வீட் எடுத்துக்கிட்டீங்களா?”

அவள் குழாயை மூடிவிட்டுப் போய்விட்டாள்.

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கலியமூர்த்தி பேசவில்லை. அவர் பேசாமல் வருவது புதிதில்லை, ஆனால் அன்றைக்கு அந்த மௌனம் லோகநாயகியைக் குடைந்தது. புதுச்சத்திரம் தாண்டியதும் அவளே கேட்டாள்.

“ஏங்க, என்ன யோசனை?”

“அந்த நாவல கம்ப்யூட்டர்ல அடிச்சது யாரு?”

“நீங்கதான்.”

“அந்தப் பொண்ணு சொன்ன ரெண்டு எடத்தையும் நாந்தான அடிச்சேன். அப்பவே எனக்குத் தெரியும் லோகு. யாரு, எவருன்னு கேக்கல. கேக்கணும்னு தோணல. ஸ்டேஷன்ல இட்லிப் பொட்டலத்தோட நின்னியே, அது நெசம்னு எனக்குத் தெரியும். கூட்டத்துல நான் எறங்கி வர்றப்ப பொட்டலத்த நீட்டுன, தூக்கிப் பாத்தேன், பிரிக்கவே இல்ல. அது எனக்குப் போதும்னு இருந்தேன்.” அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “இன்னைக்கு அவ்வளவு பேர் முன்னாடி அதுல ஒண்ண இல்லன்னு சொல்லிட்ட. அவ்வளவு சுளுவா சொல்லிட்ட, சிரிக்கவும் வெச்ச. ஒண்ண இல்லன்னு சொல்ற வாயி இன்னொண்ணயும் சொல்லும்தானே?”

“உங்களுக்காகத்தாங்க சொன்னேன்!”

“நான் கேட்டனா?”

லோகநாயகிக்கு அழுகை வந்தது. பஸ்ஸில் இருப்பவர்கள் பார்ப்பார்களே என்று அடக்கவில்லை. அடக்கி அடக்கி என்ன கண்டாள்? “ரெண்டும் நெசந்தாங்க” என்றாள். “அதுவும் நெசம். இதுவும் நெசம்.”

“இதத்தான் அந்தப் பொண்ணு அம்மாம் நேரம் நின்னுக்கிட்டுச் சொல்லுச்சு” என்றார் அவர். அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

ஆலப்பாக்கம் நிறுத்தத்தில் பஸ் நின்றபோது லோகநாயகி செல்போனை எடுத்தாள். சத்யப்பிரியா உடனே எடுத்துவிட்டாள்.

“சத்யா, நான் எழுதிக் குடுக்கறேம்மா. நீ சொன்னதுதான் சரின்னு, வசந்தா ரெண்டு பேரையும் காதலிச்சான்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கறேன். யார்கிட்ட குடுக்கணும், உங்க நெறியாளர்கிட்டயா?”

பஸ் கிளம்பியது.

“வேணாம் மேடம்.”

“ஏன்ம்மா? நெசமாத்தான் சொல்றேன்.”

“எனக்குத் தெரியும் மேடம். ஆனா மத்தவங்களுக்கு? காலையில எல்லார் முன்னாடியும் இல்லன்னு சொன்னீங்க. இப்ப ஆமான்னு எழுதிக் குடுத்தா, பாவம், அழுத புள்ளைக்காக எழுத்தாளரம்மா மனசு எறங்கி எழுதிக் குடுத்தாங்கன்னுதான் சொல்லுவாங்க. வசந்தாவப் பத்தி நீங்க இனிமே எது சொன்னாலும் அது எனக்காகச் சொன்னதாத்தான் இருக்கும்.”

“என் வாழ்க்கைம்மா அது” என்றாள் லோகநாயகி. முப்பது வருஷத்துக்கு மேலாக யாரிடமும் சொல்லாததை ஓடும் பஸ்ஸில், ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு சொன்னாள். “அவ பேரு புஷ்பவள்ளி.”

சத்யப்பிரியா அதைக் கேட்டாள். மூச்சை உள்ளே இழுத்தது இங்கே கேட்டது.

“நாலாவது இயலு எழுதறப்ப இந்த ஒரு பேரு மட்டும் கெடச்சா போதும்னு எத்தன நாள் நெனச்சிருக்கேன் தெரியுமா மேடம்?” என்றாள். “இப்ப இத வெச்சிக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?”

லோகநாயகி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். போனை வைக்கவும் மனம் வராமல், மறுமுனையில் அந்தப் பெண் அழுவதைக் கேட்டுக்கொண்டே கடலூர் வரை வந்தாள்.