கட்டுரைக்கு ஒரு சாவு

பெரம்பலூர்ப் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் கோச்சிங் சென்டர் வைத்திருந்த பிரேம்குமார், சித்திரை வெயிலிலும் கோட்டு போடுகிற மனிதர். வெளிமாநிலத்துப் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்குக் கட்டுரை சொல்லித் தருவது அவர் பிழைப்பு. உன் வாழ்க்கையைப் பற்றி எழுது என்று பல்கலைக்கழகம் கேட்கும். அந்த வாழ்க்கையில் என்ன நடந்தது என்பதை இவர் முடிவு செய்வார்.

விக்கிரமங்கலத்துச் சத்யப்பிரியாவுக்கு முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜினியரிங் கனவு அத்தோடு சரி. அதனால்தான் இந்த ஆளைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா என்ன பண்றாரு?"

"சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுறாருங்க சார்."

"குடிப்பாரா?"

"இல்லீங்க."

"அடிப்பாரா?"

"மாட்டாருங்க சார்."

பிரேம்குமாரின் முகம் வாடிவிட்டது. அவள் அப்பா ராசாங்கம் கொஞ்சம் உருப்படாத தகப்பனாக இருந்திருந்தால் அவருக்கு எவ்வளவு சௌகரியம்!

"அந்த லாரிய பத்தித்தான் சார் எழுதலாம்னு இருக்கேன். அமாவாசை தவறாம அப்பா டயருக்கடியில எலுமிச்சம்பழம் வப்பாரு. பிரேக்க மட்டும் பாக்க மாட்டாரு. நாந்தான் பாப்பேன். அதுலேருந்துதான் எனக்கு..."

"இத யாரும்மா படிப்பா? அப்பா குவாரியில விழுந்து செத்துட்டாருன்னு எழுது. படிக்கிறவன் அழுவான், சீட்டு குடுப்பான். யாரு வந்து பாக்கப் போறா?"

சுவர் நிறைய, சீட்டு வாங்கிய பிள்ளைகளின் படங்கள். நடுவில் கீழப்பழுவூர் அனிதா. மகளுக்கு இடம் கிடைத்த சந்தோஷத்தில் அவளுடைய அப்பா தங்கசாமி லட்டு டப்பாவோடு வந்து இந்த ஆளைக் கையெடுத்துக் கும்பிட்டாராம். மகளின் கட்டுரையில் அவர் பாம்பு கடித்துச் செத்திருந்தார். இதைச் சத்யப்பிரியாவிடம் சொன்னது அனிதாதான், அழுதுகொண்டே. அந்த லட்டை வாங்கித் தின்றிருக்கிறானே, இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று சத்யப்பிரியாவுக்கு வயிறு எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மலர்க்கொடியிடம் சொன்னாள். மலர்க்கொடி அடுப்பை அணைத்தாள்.

"என் தாலிய அறுக்க அவன் யாருடி?"

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே மகளை இழுத்துக்கொண்டு பெரம்பலூர் வந்து மாடி ஏறினாள். குரலை மட்டும் உயர்த்தவில்லை.

"சார், சாவு வேணும்னா எழுதிப்புடலாங்க. ஆனா எங்க வூட்டுக்காரரு வேணாம். எங்களுக்கு வழி காட்டுன சாரு லாரில அடிபட்டு செத்துட்டாருன்னு எழுதறோம். இன்னும் நல்லா அழுவாங்க. ஏ புள்ள, எழுதிக்க. முழுப் பேரு என்னாங்க சார்?"

சத்யப்பிரியா பேனாவைத் திறந்தாள். பிரேம்குமார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்னம்மா பேசற நீ!" என்று மேசைமேல் இருந்த முருகன் படத்தைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஊரார் தகப்பன்களைப் பாம்புக்கும் பள்ளத்துக்கும் கொடுத்த அதே கைதான்.

"காயிதத்துலதான சார்?" என்றாள் மலர்க்கொடி. "யாரு வந்து பாக்கப் போறா?"

இவர்கள் படி இறங்கும்போதுதான் பிரேம்குமாருக்கு வாய் வந்தது.

"லாரி, பிரேக்குன்னு எழுதுனா ஒரு பய சீட்டு குடுக்க மாட்டான். அப்பறம் இங்க வந்து அழக் கூடாது!"

அரியலூர் பஸ்ஸில் சத்யப்பிரியா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அந்த ஆள் சொன்னதுபோலச் சீட்டு கிடைக்காமலே போகலாம். எதிரே சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. அம்மா கோபம் தீர்ந்து தூங்கிவிட்டிருந்தாள்.

சத்யப்பிரியா போனை எடுத்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முதல் வரியை அடித்தாள்.

'என் அப்பா உயிரோடு இருக்கிறார். அவர் லாரியின் பிரேக்கை நான்தான் பார்க்கிறேன்.'