நட்சத்திரம் இல்லாத லைசென்ஸ்

என் அக்கா லொரீன் தன் கணவருக்கு எதிராகச் சட்டசபைக் குழு முன்னால் பேசப் போகிறாள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியாது.

எங்கள் ஊர் கோல்டர் க்ரீக், மொன்டானாவின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. கோதுமை விளையும், காற்று அடிக்கும், வேறு விசேஷமில்லை. நான் விதைக் கடை வைத்திருக்கிறேன். அக்காவின் கணவர் ஆர்விட் ட்வெய்ட் கோதுமை விவசாயி. அப்போது எங்கள் தொகுதியின் சட்டசபை உறுப்பினராகவும் இருந்தார்.

தகராறு டிரைவிங் லைசென்ஸ் பற்றியது. லைசென்ஸ் கொடுப்பது மாநிலத்தின் வேலை. ஆனால் அதைக் காட்டி விமானம் ஏற வேண்டுமானால் இனி அது தாங்கள் சொல்கிறபடிதான் இருக்க வேண்டும் என்று வாஷிங்டனில் உள்ள மத்திய அரசு சட்டம் போட்டது. பிறப்புச் சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அதை நகலெடுத்து வைத்துக்கொண்டு லைசென்ஸின் மூலையில் ஒரு நட்சத்திரம் அச்சிட்டுத் தருவார்கள். எங்கள் மாநிலம் முடியாது என்றது. இரண்டு கட்சிக்காரர்களும் ஒன்றாகச் சேர்ந்து முடியாது என்றார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் அவர்கள் வேறு எதற்கும் ஒன்றாகச் சேர்ந்து நான் பார்த்ததில்லை.

சில வருஷம் கழித்து ஒரு சமாதான மசோதா வந்தது. வேண்டுகிறவர்கள் நட்சத்திரம் வாங்கிக்கொள்ளட்டும், வேண்டாதவர்கள் விட்டுவிடட்டும். மச்சான் அதையும் எதிர்த்தார். மசோதாவை விசாரித்த குழுவில் அவரும் ஓர் உறுப்பினர்.

அவர் எதிர்ப்புக்குக் காரணம் இருந்தது. அவருடைய அம்மாவின் அப்பா ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர். முதல் உலகப்போர் சமயத்தில் அவரைத் தபால் ஆபீசுக்குக் கூப்பிட்டு, கட்டைவிரலை மையில் அழுத்தி, படம் ஒட்டி ஓர் அட்டை கொடுத்தார்கள். அந்த அட்டை இல்லாமல் அவர் வெளியே நடமாடக்கூடாது. பக்கத்து ஊருக்கு மாவு அரைக்கப் போனாலும் சட்டைப்பையில் அது இருக்க வேண்டும். அவரைப் பிறந்ததிலிருந்து அறிந்தவர்கள் போலப் பழகிய பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் அதை எடுத்துக் காட்டச் சொன்னார்களாம். மச்சான் இதைச் சபையில் சொன்னபோது யாரும் இருமக்கூட இல்லை.

அக்காவுக்கும் காரணம் இருந்தது. அவர்களுடைய ஒரே மகள் மாரிட் ஒரு கடற்படைக்காரனைக் கல்யாணம் செய்துகொண்டு ஹவாய்க்குப் போய்விட்டாள். ஹவாய்க்குக் காரில் போக முடியாது.

விசாரணை நாளன்று நானும் அக்காவோடு மாநிலத் தலைநகர் ஹெலெனாவுக்குப் போனேன். குழு அறையில் மேஜைக்குப் பின்னால் மச்சான் கழுத்துப்பட்டி கட்டி உட்கார்ந்திருந்தார். ஆதரித்துப் பேசுகிறவர்கள் வரலாம் என்று தலைவி அம்மாள் சொன்னதும் அக்கா எழுந்து போனாள். மச்சான் அவள் தனக்குச் சாப்பாடு கொண்டு வந்திருப்பதாக நினைத்தார் போலிருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்தார்.

"உங்க பேர், ஊர் சொல்லுங்க," என்றார் தலைவி.

"லொரீன் ட்வெய்ட். கோல்டர் க்ரீக்."

"உறுப்பினர் ட்வெய்ட்டுக்கு நீங்க சொந்தமா?"

"கல்யாணம் ஆயிருக்கு. சொந்தமான்னு இன்னும் முடிவு பண்ணல."

பிறகு பேச ஆரம்பித்தாள். தனக்கு வாஷிங்டன்மேல் பெரிய பாசம் கிடையாது, ஆனால் மகள்மேல் இருக்கிறது என்றாள். தன் புருஷனின் தாத்தாவுக்கு நடந்தது அநியாயம், அதற்காகத் தன்னை மொன்டானாவிலேயே பூட்டிவைப்பது நியாயமாகாது என்றாள். உட்கார்ந்தாள்.

உறுப்பினர்கள் கேள்வி கேட்கலாம், ஆனால் தலைவி மூலமாகத்தான் கேட்க வேண்டும் என்பது அங்கே முறை. மச்சான் கையைத் தூக்கினார். வீட்டில் இருவரும் வா, போ என்றுதான் பேசிக்கொள்வார்கள். அன்று மட்டும் மரியாதை வந்துவிட்டது.

"தலைவி அவர்களே, சாட்சிகிட்ட ஒண்ணு கேக்கணும். அம்மா, உங்க பிறப்புச் சான்றிதழோட நகல் கடைசியில யார் கையில போய்ச் சேரும்னு உங்களுக்குத் தெரியுமா?"

அக்கா தலைவியைப் பார்த்தே பதில் சொன்னாள். "தெரியாதுங்க. இப்போ அது உறுப்பினர் ட்வெய்ட் கையில இருக்கு. துப்பாக்கிப் பெட்டிக்குள்ள. பூட்டு நம்பரை அவர் எனக்குச் சொன்னதே கிடையாது. வாஷிங்டன்காரங்களாவது கேட்டாச் சொல்வாங்களோ என்னமோ."

பதிவு எழுதிக்கொண்டிருந்த பெண் "துப்பாக்கிப் பெட்டி"யா என்று சந்தேகம் கேட்டாள். ஆமாம் என்றாள் அக்கா.

மச்சான் விடவில்லை. "இன்னிக்கு விமானத்துக்குக் கேக்கறாங்க. நாளைக்கு பஸ்ஸுக்குக் கேப்பாங்க. அதுக்கப்புறம் ரொட்டி வாங்கறதுக்கு. அப்போ சாட்சி என்ன பண்ணுவாங்க?"

"ரொட்டி நான் வீட்டுலயேதான் சுடறேன். உறுப்பினர் இவ்வளவு வருஷமா சாப்பிடறார், கவனிச்சிருக்கலாம்."

வேறு கேள்வி இல்லை என்றார் மச்சான்.

மசோதா குழுவில் தேறியது, சபையிலும் தேறியது. மச்சான் இரண்டு இடத்திலும் எதிர்த்து ஓட்டுப் போட்டார். விசாரணை முடிந்து கோல்டர் க்ரீக்குக்குத் திரும்புகிற வழியெல்லாம் மூன்று பேரும் ஒரே வண்டியில் வந்தோம். பாதி வழியில் மச்சான், "நல்லாப் பேசின," என்றார். "தெரியும்," என்றாள் அக்கா. அதற்குப் பிறகு வானிலையைப் பற்றிப் பேசினோம்.

வீட்டுக்கு வந்ததும் அவர் துப்பாக்கிப் பெட்டியைத் திறந்து பிறப்புச் சான்றிதழையும், பெயர் மாறியதைக் காட்டக் கல்யாணச் சான்றிதழையும் எடுத்து அவள் கையில் கொடுத்தார். பெட்டியை மறுபடி பூட்டினார். நம்பரைச் சொல்லவில்லை. அக்கா நட்சத்திரம் வாங்கினாள். நானும் வாங்கினேன், ஆனால் அதைப் பற்றி ஊரில் பேசவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. நட்சத்திரம் இல்லாமல் விமானம் ஏற முடியாது என்று வாஷிங்டன் வைத்த கெடு தள்ளிப்போனது. பிறகு இன்னொரு முறை. நடுவில் உலகத்துக்கே நோய் வந்தது, அதற்காகவும் தள்ளினார்கள். மச்சான் தன் பழைய லைசென்ஸைக் காட்டியே ஹவாய்க்கு இரண்டு தடவை போய்விட்டு வந்தார். காப்பிக் கடையில் உட்கார்ந்து, "நான் சொன்னேன்ல? அவனுங்களுக்கே துணிச்சல் இல்ல," என்பார். யாரும் மறுத்துப் பேசவில்லை. சபையில் அவர் பதவிக்காலம் முடிந்து, வேறொருவர் அங்கே போயிருந்தார்.

கடைசியில் கெடு நிஜமாகவே வந்தது. அதே வசந்தத்தில் மாரிட் நிறைமாசமாக இருந்தாள்.

நட்சத்திரம் இல்லாதவர்களைத் தனியே நிறுத்தி, விசாரித்து, உடம்பைத் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள், விடாமலும் போகலாம் என்று பேசிக்கொண்டார்கள். "என் பெயர் எனக்குத் தெரியும். அதைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை," என்றார் மச்சான். வரமாட்டேன் என்று மகளிடம் தொலைபேசியில் சொன்னார். நான் அப்போது அவர்கள் சமையலறையில் ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாரிட்டின் குரல் எனக்கே கேட்டது.

"சரிப்பா, வர வேண்டாம். ஆனா குழந்தை பெரிசாகிக் கேட்டா, கொள்கைக்காக வரலன்னு நான் சொல்ல மாட்டேன். பிடிவாதத்துக்காக வரலன்னுதான் சொல்வேன்."

மச்சான் போனை வைத்தார். பிறகு, "வரேன்," என்றார். "விமான நிலையம் வரைக்கும் வரேன். அவங்களே என்னைத் திருப்பி அனுப்பட்டும். அப்போ தப்பு யார்மேலன்னு எல்லாருக்கும் தெரியும்ல?"

"டிக்கெட் ஏற்கெனவே எடுத்தாச்சு," என்றாள் அக்கா. "டெல்லுக்கும் சேர்த்து." டெல் நான்தான். எனக்கும் அப்போதுதான் தெரியும்.

திரும்பி வரப்போகிறவர் என்பதால் மச்சான் பெட்டி எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. கனத்த கம்பளிச் சட்டை, ஒரு செய்தித்தாள், அவ்வளவுதான். பில்லிங்ஸ் விமான நிலையம் வரைக்கும் வண்டி ஓட்டிக்கொண்டே அதிகாரியிடம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தார். தாத்தாவில் தொடங்கி அரசியல் சாசனம் வழியாக வந்து, "நான் யார் என்று சொல்ல வேண்டியவர்கள் என் அண்டை வீட்டார்" என்று முடிந்தது. பின்சீட்டிலிருந்து நான் அதைப் பலமுறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் நன்றாகத்தான் இருந்தது.

சோதனை வரிசையில் அக்கா முன்னால் போய் நட்சத்திரத்தைக் காட்டிவிட்டு அந்தப் பக்கம் நின்றாள். அடுத்தது மச்சான். அதிகாரி ஓர் இளம்பெண். வேலைக்குப் புதிது போலிருந்தாள். லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சார், இதுல நட்சத்திரம் இல்லையே."

"இல்ல. வேணும்னுதான் வாங்கல," என்றார் மச்சான். தொண்டையைச் செருமினார். "எங்க தாத்தா..."

"வேற அட்டை ஏதாவது இருக்கா சார்?"

"எதுவும் கிடையாது," என்று சொல்லிப் பணப்பையை விரித்துக் காட்டினார். அதில் மீன்பிடி அனுமதிச் சீட்டு இருந்தது. நூலக அட்டை இருந்தது. அவற்றுக்குப் பின்னால், மச்சானின் படத்தோடு, ஒரு வெள்ளை அட்டை தலை நீட்டிக்கொண்டிருந்தது.

"அது என்ன சார்?"

"எது? இதா? இது என் காதுக்கு."

வாலிபத்தில் அவர் ராணுவத்தில் இருந்தவர். பீரங்கிப் பக்கத்தில் நின்று நின்று காது மந்தமாகி, இப்போது படைவீரர் மருத்துவமனையில்தான் காதுக் கருவி வாங்குகிறார். அங்கே உள்ளே போகக் கொடுக்கிற அட்டை அது. கொடுத்தது வாஷிங்டன்.

"இது போதும் சார்," என்றாள் அந்தப் பெண். அட்டையை எடுத்துப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள். "நாட்டுக்காகப் பண்ணினதுக்கு நன்றி. பெல்ட்டைக் கழட்டித் தட்டுல போடுங்க."

மச்சான் நகரவில்லை. பின்னால் ஒருவர் பெருமூச்சு விட்டார். "அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்," என்றார் மச்சான்.

"சொல்லுங்க சார்."

அவர் அவளையே பார்த்தார். அவள் நிஜமாகவே கேட்கத் தயாராக நின்றாள். அதுதான் அவரைக் குலைத்தது என்று நினைக்கிறேன். "ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டுப் பெல்ட்டைக் கழற்றினார்.

அந்தப் பக்கம் போய்ச் செருப்பு மாட்டும் பெஞ்சில் உட்கார்ந்ததும் அக்காவைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"அந்த அட்டை செல்லும்னா? தெரியும். ரொம்ப நாளா."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அதைக் கொண்டுபோய் அடுப்புல போட்டிருப்ப. அப்புறம் காதும் கேக்காது. நான் ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கத்தணும்."

மச்சான் யோசித்துப் பார்த்தார். "போட்டிருப்பேன்," என்று ஒப்புக்கொண்டார்.

ஹோனலூலுவில் இறங்கியபோது கம்பளிச் சட்டை வேர்வையில் நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. மாற்றுத்துணி இல்லை. விமான நிலையக் கடையில் அவர் அளவுக்குக் கிளிப் படம் போட்ட சட்டை ஒன்றுதான் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் அவர் முதன்முதலாகப் பேத்தியைப் பார்க்கப் போனார். அவள் முந்தின நாள்தான் பிறந்திருந்தாள்.

கட்டிலில் மாரிட் களைத்துப்போய்ச் சாய்ந்திருந்தாள். அப்பாவின் சட்டையைப் பார்த்தாள். குழந்தையை அவர் கையில் கொடுத்தாள்.

"என்ன பேர்?" என்று கேட்டார்.

"இன்னும் முடிவு பண்ணலப்பா. ஆஸ்பத்திரிக்காரங்க வேற அவசரப்படுத்தறாங்க. பேர் எழுதினாத்தான் அரசாங்க அடையாள நம்பருக்கு விண்ணப்பம் அனுப்ப முடியுமாம். இங்கேயே அனுப்பிடறாங்க, நாம எங்கேயும் அலைய வேண்டாம்."

"நேத்துப் பொறந்தவளுக்கா?"

"எனக்கு இருக்கு. உனக்கும் இருக்கேப்பா."

"தலையைப் பிடி," என்றாள் அக்கா. அவர் தலையைப் பிடித்தார். குழந்தை கொட்டாவி விட்டது. மச்சான் அவளை மார்போடு அணைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அது நம்பருக்காகவா குழந்தைக்காகவா என்று நான் கேட்கவில்லை.

பிறகு மருத்துவமனை வாசலில் நானும் மச்சானும் நின்றோம். கடல் தெரிந்தது. "டெல், நான் சபையில பேசினதெல்லாம் தப்பா?" என்று கேட்டார்.

"தெரியல மச்சான். உங்க தாத்தாவுக்குப் பண்ணினது தப்பு. அது மட்டும் தெரியும்."

"அந்தப் பொண்ணு ரொம்ப மரியாதையாப் பேசினா," என்றார். "அதுதான் எனக்கு உறுத்துது. எங்க தாத்தாகிட்டயும் மரியாதையாத்தான் கேட்டிருப்பாங்களோ?"

கேட்டது என்னிடம். நான் விதை விற்கிறவன்.

விமான நிலையத்தோடு திரும்பி வரக் கிளம்பியவர் ஒரு மாதம் இருந்தார். குழந்தைக்கு இங்கெபோர்க் என்று பெயர் வைத்தார்கள், அது அவர் ஆசைப்பட்ட பெயர். ஊருக்குத் திரும்பிய முதல் நாளே காப்பிக் கடையில் எப்படி உள்ளே விட்டார்கள் என்று கேட்டார்கள். அவர் மழுப்பவில்லை. "வாஷிங்டன் அட்டையைக் காட்டினேன். எங்கிட்டயே இருந்துது, எனக்கே தெரியல," என்றார். அப்புறம் ஒருவன் இன்னொரு காப்பி சொன்னான்.

இலையுதிர் காலத்தில் அவர் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டி வந்தது. வேண்டுமானால் சேர்த்துக் கொடுக்கட்டும் என்று அக்கா அவருடைய பிறப்புச் சான்றிதழைத் துப்பாக்கிப் பெட்டியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். பூட்டு நம்பரை ஹவாயில் வைத்து அவர் சொல்லியிருந்தார். அவர் சான்றிதழை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் திரும்பி வந்து தொப்பியைக் கழற்றி மாட்டினார்.

"என்ன சொன்ன?" என்று அக்கா கேட்டாள்.

"நட்சத்திரம் வேணுமா, வேண்டாமான்னு அங்க இருந்த பொண்ணு கேட்டா. வேண்டாம்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"சரின்னா." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏன்னுகூடக் கேக்கல, லொரீன்."

அக்கா அவருக்கு ரொட்டி வெட்டி வைத்தாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"சரி," என்றாள். "ஏன்?"

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்து, தாத்தாவிலிருந்து தொடங்கினார்.