ஒரு வீட்டுக்கு ஓர் அட்டை

1.

இந்தக் கதையை நானாக எழுத ஆரம்பிக்கவில்லை. பத்திரிகை ஆசிரியர் போனில் கேட்டார். "ஊரே பூட்டிக் கிடக்கு. வெளியே போக முடியாத ஏக்கத்தைப் பத்தி மென்மையா ஒண்ணு எழுதிக் குடுங்கம்மா. கோபம் மட்டும் வேண்டாம். ஜனங்க ஏற்கெனவே நொந்துபோயிருக்காங்க."

சரி என்றேன். போனை வைத்ததும் பாத்திரத் தொட்டியில் ஒரு கரண்டியை ஓங்கி எறிந்தேன். மென்மையாம்.

2.

'மாலைக் காற்றில் அவள் மெல்ல நடந்து...'

(அடித்தாயிற்று. காற்றாவது ஒன்றாவது. அந்தத் தெருவில் ரப்பர் நாற்றம்தான் அடிக்கும்.)

'அவளுக்கு மறதி அதிகம்.'

இது பொய். ஆனால் கதையே இந்தப் பொய்யில்தான் நிற்கிறது, அதனால் இருக்கட்டும். அவள் கடைக்குப் போய் வருவாள். பையை இறக்கி வைப்பாள். நெற்றியில் அடித்துக்கொள்வாள். "அய்யய்யோ, தீப்பெட்டியை மறந்துட்டேனே!" மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து இதே பிழைப்பு. புருஷன் அவளுக்கு 'ஞாபகசாலி' என்று பட்டப்பெயர் வைத்தான்.

அவள் எதையும் மறந்ததே இல்லை. முதல் நடை வீட்டுக்காக, அடுத்த நடை அவளுக்காக. தெருமுனையில் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் காற்றடித்த டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கித் திருப்பிக்கொண்டே வருவார். ஓரிடத்தில் குமிழ் கிளம்பும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஏன் என்று அவர் கேட்டதில்லை, இவளும் சொன்னதில்லை. அந்தக் கொஞ்ச நேரம் அவளிடம் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்.*

* இதில் காதல் எங்கே என்று தேடும் வாசகர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

3.

'அவள், அவள்' என்று எழுதி அலுத்துவிட்டது. நான்தான். போதுமா?

தொற்று வந்தது. வீட்டுக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு ஒரே ஒருவர், அதுவும் காலையில் மட்டும், கடைக்குப் போய் வரலாம். யார் போவது என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை. என் வீட்டுக்காரர் தன் அக்காவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "இவளை அனுப்பினா ஒரு பொருளுக்கு ரெண்டு தடவை போகணும்க்கா. இந்த நேரத்துல அது ஆபத்து. நானே போய்க்கிறேன்."

எனக்கு நானே வைத்துக்கொண்ட ஆப்பு. இத்தனை வருடம் பாடுபட்டு வளர்த்த மறதி என்னையே உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது. மறந்ததெல்லாம் நடிப்பு என்று சொன்னால் அட்டை கிடைக்கலாம். ஆனால் ஊரடங்கு முடிந்த பிறகு அந்த இரண்டாவது நடை எனக்கு இல்லை. இன்றைக்குப் போவதா, என்றைக்கும் போவதா? இப்படி ஒரு கணக்குப் போட வேண்டியிருப்பதை நினைத்தாலே பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

4.

சற்று முன் அவர் கடையிலிருந்து திரும்பியபோது, வாசற்கதவை ஒட்டிய மேஜையில் இதை எழுதிக்கொண்டிருந்தேன். போய் ரொம்ப நேரம் ஆகியிருந்தது. முகத்தில் ஒரு தெளிச்சி.

"வரிசை பெருசா?"

"சேச்சே, கடையே காலி. அந்த முனையில பஞ்சர் கடை இருக்குல்ல? பால் வண்டி டியூபை முக்கிப் பாத்துட்டிருந்தாரு. சும்மா நின்னு பாத்தேன். குமிழ் குமிழா வருது! நீயெல்லாம் பாத்திருக்கவே மாட்ட."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அட்டையை எடுத்துக்கொண்டார், தெருவை எடுத்துக்கொண்டார், இப்போது குமிழையும் எடுத்துக்கொண்டு அதைப் பற்றி எனக்கே பாடம் நடத்துகிறார்.

அட்டையை மேஜையில் போட்டார். பையை இறக்கி வைத்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அய்யய்யோ, உப்பை மறந்துட்டேனே! இரு, ஒரு ஓட்டம் போயிட்டு வந்துடறேன்."

எனக்கா தெரியாது அந்தக் குரல்? டப்பா நிறைய உப்பு இருந்தது. போன தடவை வாங்கி வந்து கொட்டியவரே அவர்தான். சில்லறை எடுக்க உள்ளே போனார்.

5.

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் விழுந்து விழுந்து சிரித்து அட்டையை நீட்டுகிறார். அதன் பிறகு நான் தீப்பெட்டியை மறக்கும்போதெல்லாம் கண்ணடித்து, "போயிட்டு வா" என்பார். அவர் அனுப்பி நான் போவதா? கிழித்தாயிற்று.

முடிவு இரண்டு (ஆசிரியருக்குப் பிடிக்கும்): இருவரும் ஒரே மாதிரிதான் என்று உணர்ந்து, கண் கலங்கி, கைகோத்து...

தூ. ஒரே மாதிரி இல்லை. அவர் மறந்தால், பாவம், எத்தனை வேலை! நான் மறந்தால் ஞாபகசாலி.

6.

இப்போது அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஒன்று கிடைத்துவிட்டது. இன்னொன்றை அவர் உள்ளே போன நேரம் பார்த்து இழுத்துக்கொண்டேன். மேஜைக்கு அடியில் என் காலுக்குக் கீழே இருக்கிறது. அட்டை இந்தத் தாளுக்கு அடியில். கொஞ்ச நேரத்தில் கடைகளைச் சாத்திவிடுவார்கள்.

"கதை முடிஞ்சிருச்சா? முடிஞ்சிருந்தா எழுந்து கொஞ்சம் தேடிக் குடேன்."

"இன்னும் முடியலைங்க."

எப்படி முடியும்? முடித்தால் காலை எடுக்க வேண்டும். முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அட்டையை யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள், மென்மையாக மட்டும் எழுதித் தொலைக்காதீர்கள். என்னால் முடிந்தது இவ்வளவுதான். அவர் குனிந்து மேஜைக்கு அடியில் பார்க்கிறார், நான் இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதித்துக்கொண்டு