நூலோடு ஒட்டாத மரபணு

அக்கா வீட்டில் தங்கி ஆராய்ச்சி செய்யும் அவளுக்கு அங்கே பெயர் புழுக்காரி. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு முழுக்க மல்பெரி இலைதான். ஒருநாள் அத்தான் அதைக் கீரை என்று நினைத்து அலசி நறுக்கியே விட்டார்.

பட்டுப்புழுவின் ஒரே ஒரு மரபணுதான் அவளுடைய ஆராய்ச்சி. அது உடம்பில் எங்கே வேலை செய்கிறது, என்ன வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அவளுடைய வழிகாட்டியான பேராசிரியரோ பதிலை முன்பே சொல்லிவிட்டார். நூல் சுரக்க வைப்பதே இதுதான் என்று மேடைக்கு மேடை முழங்கியிருந்தார். பத்திரிகையிலும் வந்துவிட்டது. அவள் சாட்சி சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

புழுவைக் கீறி, பட்டுச் சுரப்பி, கொழுப்பு, தோல், குடல் என்று தனித்தனியாக எடுத்துப் பார்த்தாள். சுரப்பியில் அந்த மரபணுவின் வேலை பேருக்குக் கொஞ்சம் இருந்தது. குடலில் கொட்டிக் கிடந்தது. நம்பாமல் புதுப் புழுக்களில் மறுபடி பார்த்தாள். அதே கதை. ஊசி மருந்தால் அந்த மரபணுவை அடக்கிப் பார்த்தாள். அடக்கிய புழுக்களும் மற்றவை போலவே கூடு கட்டின. எடையிலும் குறைவில்லை.

"சுரப்பியில இருக்குல்ல? அந்தப் படத்தை மட்டும் போடு. குடல் கதையை விடு" என்றார் பேராசிரியர்.

"அங்க இருக்கிறது தூசி அளவு சார்."

"ஊருக்கே சொல்லியாச்சு. இப்ப இல்லைன்னா என் முகத்தை எங்க வெச்சுக்கிறது?"

"முகம் இருக்கிற இடத்துலயே இருக்கட்டும் சார். கட்டுரையை மாத்திடலாம்."

மறுநாள் அவர் புழு வளர்க்கும் அறையின் சாவியை அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்று இரவு அக்கா அவளைப் பிடித்து உட்காரவைத்தாள். "தலையை ஆட்டிட்டுப் பட்டத்தை வாங்கிக்கோடி. உண்மையை அப்புறம் பேசிக்கலாம்."

"ஒரு தடவை ஆட்டின தலை அப்புறம் நிக்காது அக்கா."

ஆனால் இல்லை, இல்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் யார் கேட்பார்கள்? குடலில் அதற்கு என்ன வேலை? இலையோடு சேர்ந்து கிருமியும் அங்கேதானே போகிறது என்று அவளுக்குப் பொறி தட்டியது. கிருமிகளை ஆராயும் பக்கத்துத் துறை மேடத்திடம் போய் நின்றாள். "புழு என் மேஜை மேல ஏறக் கூடாது, அவ்வளவுதான்" என்று சொல்லி, புதுப் புழு வளர்க்கத் தன் ஆய்வகத்தில் ஒரு மூலையைக் கொடுத்தார் அவர்.

மரபணுவை அடக்கிய புழுக்களுக்கும் அடக்காதவற்றுக்கும் கிருமி தடவிய இலையையே போட்டாள். அடக்கப்பட்டவை துவண்டு, கறுத்துச் செத்தன. மற்றவற்றில் பெரும்பாலானவை நறநறவென்று மென்றுகொண்டே இருந்தன. அது குடலுக்குக் காவல்காரன். நெசவுக்காரன் இல்லை.

துறையின் ஆண்டுக் கருத்தரங்கில் அவள் பேச வேண்டிய முறை வந்தது. பேராசிரியர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சுரப்பி, கொழுப்பு, தோல், குடல் எல்லாப் படத்தையும் திரையில் போட்டாள். செத்த புழுக்களையும் காட்டினாள்.

பேராசிரியர் எழுந்தார். "இது என் ஆய்வகத்தோட கருத்து இல்லை."

"கருத்து இல்லைதான் சார். புழு செஞ்சது."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றினார்கள்.

அந்த வாரமே அவர் அவளைக் கைகழுவினார். கிருமித் துறை மேடம் வழிகாட்டியானார். பட்டம் ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளிப் போனது. அம்மா போனில் அழுதாள். இவளும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அடுத்த நாள் போய்ப் புழுவுக்கு இலை போட்டாள்.

கட்டுரை வெளிவந்தது. வழக்கப்படி அதன் முதல் பக்கம் மாடிப்படி ஓர அறிவிப்புப் பலகையில் ஏறியது. பேராசிரியர் தன் அறைக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். மாலையில் பார்த்தால் தாளைக் காணோம், குண்டூசி மட்டும் இருந்தது. இன்னொரு நகல் எடுத்துக் குத்தினாள். அதையும் காணோம்.

"புகார் கொடுக்கலாமா?" என்று மேடம் கேட்டார்.

"எதுக்கு மேடம்? கிழிக்கிறதுக்காவது அவர் ஒரு தடவை படிச்சுத்தானே ஆகணும்" என்று சொல்லிவிட்டு, அவள் நகல் எடுக்கும் இயந்திரத்தை நோக்கி நடந்தாள்.