நாளந்தாவில் ஒரு லைன் வீடு

விசில் சத்தம் இடிந்த செங்கல் சுவர்களில் முட்டி நாலா பக்கமும் சிதறியது. காவலாளி மறுபடியும் ஊதினான். நாளந்தாவை மூட இன்னும் கால் மணி நேரம்தான். வெளியே போகச் சொல்கிறான் என்று புரிந்துகொள்ள இந்தி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அன்னூரிலிருந்து காசி, கயா யாத்திரை வந்த கூட்டம் மரத்தடியில் வந்து சேர்ந்தது. டூர் நடத்தும் பாலகோபால் தலைகளை எண்ணினான். முப்பத்திரண்டு இருக்க வேண்டும், முப்பத்தொன்று வந்தது. இன்னொரு தரம் எண்ணியும் முப்பத்தொன்றுதான்.

யார் குறைகிறார் என்று ராமாமணிக்கு எண்ணாமலே தெரிந்தது. செருப்பு வாரைச் சரி செய்யக் குனிந்து நிமிர்ந்தாள், அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற கணவர், மில் முதலாளி கண்ணையா நாயுடுவைக் காணவில்லை.

நாயுடு பீகாரில் ஏதாவது மில் விலைக்கு வருதான்னு பார்க்கப் போயிருப்பார் என்று யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். பாலகோபால் சிரிக்கவில்லை.

"ஏனுங்கம்மா, ஐயாவுக்கு மறதி கிறதி ஏதாச்சும் இருக்குதுங்களா? இருந்தா சொல்லிப்போடுங்க. போலீஸ்ல அதைத்தான் முதல்ல கேப்பாங்க."

"அவருக்கா மறதி? முப்பது வருசத்துக்கு முந்தி வாங்கின மெஷின் நம்பரைக் கேளு, ஒப்பிப்பாரு. பாத்ரூம் தேடிப் போயிருப்பாருப்பா."

மூன்று வருடமாக எல்லோரிடமும் இதையேதான் சொல்லி வருகிறாள். டாக்டர் நோயின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தபோது, அந்தச் சீட்டை மகன் அபிலாஷிடம்கூடக் காட்டவில்லை. காட்டினால் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைப் போடுவான். அந்த ஆள் நாளெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணையா பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பான். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது அவருக்கு மறந்துவிடுகிறது. பழையது எதுவும் மறக்கவில்லை. ராமாமணியின் பயமே அதுதான்.

பாலகோபால் வாசல் பக்கம் ஓடினான். ராமாமணி திரும்ப இடிபாடுகளுக்குள் நடந்தாள். பின்னாலேயே ராசாத்தாள் வந்தாள். கூட்டத்தில் வேறு யார் வந்திருந்தாலும் ராமாமணிக்குப் பரவாயில்லை. ராசாத்தாள் வரக்கூடாது.

"நீ அங்கயே இரு ராசாத்தா. மூட்டு வலியோட எதுக்கு?"

"இருக்கட்டுங்கம்மா. தனியா எப்படிப் போவீங்க?"

ராசாத்தாளின் புருஷன் ஆறுச்சாமி, கண்ணையாவின் மில்லில் வாட்ச்மேனாக இருந்தவர். இருபத்தெட்டு வருடத்துக்கு முன், வேலைநிறுத்த நாட்களில், யூனியன்காரர்கள் உள்ளே வந்து பேசிவிடக் கூடாதென்று தொழிலாளர்களின் லைன் வீட்டுக் கேட்டைப் பகலில் பூட்டி வைக்கச் சொல்லியிருந்தார் கண்ணையா. ஒரு மத்தியானம் அவர் ஆறுச்சாமியிடம் சாவியைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அந்த நினைப்பே இல்லாமல் காரில் ஏறிப் போய்விட்டார். ஆறுச்சாமி சாப்பிடப் போனார். ஒரு வீட்டில் ஸ்டவ் வெடித்தது. பூட்டை உடைத்துத் திறப்பதற்குள் மூன்று பேர் கரிந்துபோனார்கள்.

விசாரணையில், சாவி வாட்ச்மேனிடம்தான் இருந்தது என்று கண்ணையா சொன்னார். மனசில்லாமல்தான் சொன்னார். இரண்டு நாள் பட்டினி கிடந்து அவரை அப்படிச் சொல்ல வைத்தவள் ராமாமணி. முதலாளி பேச்சுக்கு எதிர்ப்பேச்சு அன்று எடுபடவில்லை. சொந்தப் பெண்டாட்டியே நம்பாத மனுஷனாக ஆறுச்சாமி இரண்டே வருடத்தில் செத்துப்போனார்.

நாளைக்குக் கயாவில் அவருக்குப் பிண்டம். செலவு ராமாமணியுடையது. ராசாத்தாளை மட்டும் அனுப்புவதாகத்தான் ஏற்பாடு. ஆறுச்சாமி பெயரைக் கேட்டதும் கண்ணையா நானும் வருவேன் என்று குழந்தை மாதிரி அடம்பிடித்தார். ஐந்து நாளாக அவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, தான் நடுவில் உட்கார்ந்து, வீட்டில் பேசும் தெலுங்கிலேயே பேச வைத்துக் கொண்டுவந்தாள். ராசாத்தாளுக்குத் தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது.

"குடிச்சுப்போட்டுச் சாவியத் தொலைச்சுப்போட்டு, கடைசி வரைக்கும் இல்லைன்னே சாதிச்சாரு எங்கூட்டுக்காரரு" என்றாள் ராசாத்தாள் நடந்தபடியே. "ஒரு நாளும் ஒழுங்கா சோறு போடலீங்கம்மா நானு. நாளைக்குப் பிண்டம் வெச்சா அந்த மூணு பேரு பாவம் அவரை உட்டுப் போயிருமுங்களா?"

ராமாமணி நடையை எட்டிப் போட்டாள்.

மத்தியானம் கைடு இந்தியில் சொன்னதைப் பாலகோபால் தமிழில் சொல்லியிருந்தான். ஒரு காலத்தில் எங்கெங்கிருந்தோ பிட்சுக்கள் வந்து படித்த இடம், கொளுத்திவிட்டார்கள், ஏடுகள் மாதக்கணக்கில் எரிந்ததாகச் சொல்வார்கள் என்று. கேட்டைத் திறந்தார்களா என்று கண்ணையா தெலுங்கில் கேட்டார். ராமாமணி அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். அப்போதே வெளியே கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

நடு முற்றமும் கிணறும் இருந்த மடத்தில் அவரைக் கண்டுபிடித்தார்கள். முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல், மேலே கூரையில்லை. கூரை ஓடுகளைக் கழற்றிவிட்டால் மில் லைன் வீடும் இப்படித்தான் இருக்கும். கண்ணையா அறை அறையாக எட்டிப் பார்த்து விரல் மடக்கிக்கொண்டிருந்தார். ஏழாவது அறையில் நுழைந்து, பிட்சு படுத்த செங்கல் மேடையில் உட்கார்ந்துகொண்டார். வேட்டியெல்லாம் செம்மண்.

ராமாமணி தெலுங்கில் கூப்பிட்டாள். பஸ் கிளம்புகிறது, எழுந்திருங்கள் என்றாள். அவர் அவளைப் பார்க்கவேயில்லை. பின்னால் நின்றவளைப் பார்த்தார்.

"யாரு, ராசாத்தாளா?"

தமிழில் கேட்டார். மில் ஆட்களிடம் பேசும் அதே தமிழ்.

"ஆமாங்கய்யா. ஆறுச்சாமி ஊட்டுக்காரிங்க."

ராமாமணி குறுக்கே போய் நின்று அவர் தோளைப் பிடித்துத் தூக்கினாள். அவர் அசையவில்லை. அவள் இடுப்பைத் தாண்டித் தலையை நீட்டி, நிதானமாக, ஒரு வார்த்தையும் குழறாமல் பேசினார்.

"உன்ர ஊட்டுக்காரர் மேல தப்பில்ல கண்ணு. சாவிய எங்கையில குடுத்துப்போட்டுத்தான் அவரு சாப்பிடப் போனாரு. என்ர சட்டைப் பையிலதான் கெடந்துது. இவளுக்குந் தெரியும்."

ராசாத்தாள் வாசலின் செங்கலைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் கோபம் இல்லை. சாகும் வரை அரை வயிற்றுச் சோறு போட்ட ஒருத்தரை அவள் எங்கேயோ தேடிக்கொண்டிருந்தாள். பிறகு ராமாமணி பக்கம் திரும்பினாள்.

"நெசமுங்களாம்மா?"

கண்ணையாவும் மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு தரமாவது சொல்லிவிடு என்கிற மாதிரி, பளிச்சென்று தெளிந்த கண்கள். ராமாமணி அந்தக் கண்களைப் பார்க்காமல், அவர் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள்.

"மூணு வருசமா ஐயாவுக்குப் புத்தி சரியில்ல ராசாத்தா. அவரு சொல்றது எதையும் காதுல போட்டுக்காத."