எரிந்த வாசல் வழியாக வந்த வண்டி

ஏழரண் என்ற ஊர் எந்த வரைபடத்திலும் இல்லை. கோயமுத்தூரில் அதை அறிந்தவர்கள் எல்லாரும் சேர்ந்தாலும் ஒரு கல்யாண மண்டபத்தில் பாதி நிறையாது. ஆனால் அறிந்தவர்களுக்கு அது டவுன்ஹாலைவிட நிஜமான ஊர். சுற்றி ஏழு மதில்கள், நடுவில் கண் தெரியாத ஓர் அரசி, இருட்டினால் ஒளிவிடும் மீன்கள் ஓடுகிற ஆறு. அந்த ஊரை உண்டாக்கியவர் கோயமுத்தூரின் கணபதிப் பகுதியில் அச்சகம் வைத்திருந்த அரங்கசாமி. கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் அடித்துப் பிழைத்துக்கொண்டிருந்த மனிதருக்குத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கிருந்தோ இந்த ஆசை வந்து ஒட்டிக்கொண்டது. ஊர் ஒன்று, எழுதுகிறவர்கள் பலர். ஆளுக்கொரு கதை எழுதலாம், ஆனால் எல்லாம் ஏழரணில்தான் நடக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தொகுப்பு.

சட்டங்களும் இருந்தன. ஒருவர் படைத்த ஆளை இன்னொருவர் கேட்காமல் கொல்லக் கூடாது. ஒருவர் கதையில் இடிந்தது எல்லார் கதையிலும் இடிந்ததுதான். இதையெல்லாம் அரங்கசாமி முதல் தொகுப்பின் முன்பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் அடித்துவிட்டார்.

ஆஸிம் அந்த ஊரில் குடியேறிப்போன ஆள். உடம்பு மட்டும் ராஜ வீதியில், அத்தாவின் தையல் சாமான் கடையில், பொத்தானுக்கும் ஜிப்புக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். கல்லாவுக்கு அடியில் ஏழரண் தொகுப்பு விரிந்து கிடக்கும். கறுப்பு நூல் கேட்ட டெய்லருக்கு ஊதா நூலைக் கொடுத்து அத்தாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத வாரம் இல்லை. ஒவ்வொரு தொகுப்பையும் மூன்று தடவை படித்தவன் என்று அவனே ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான். கேட்டவர்களும் நம்பினார்கள்.

நம்பக் காரணம் இருந்தது. தொகுப்பு வந்த அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அச்சகத்தின் மாடியில் எழுதினவர்களும் படித்தவர்களும் கூடுவார்கள். போண்டா, டீ, பாராட்டு எல்லாம் முடிந்த பிறகு ‘பிசகு நேரம்’ என்று ஒன்று உண்டு. கதைகளில் ஒன்றுக்கொன்று முட்டுகிற இடங்களை வாசகர்கள் எழுந்து சொல்லலாம். சரியாகப் பிடித்தால் கைதட்டல். அதில் ஆஸிமை அடிக்க ஆள் இல்லை. ஒற்றைக்கண் காவலனின் பழுதான கண் ஒரு கதையில் இடதாகவும் இன்னொன்றில் வலதாகவும் இருந்ததைப் பிடித்தவன் அவன்தான். ஓர் இளவரசி இரண்டு வருடமாகப் பிள்ளைத்தாய்ச்சியாகவே இருப்பதைக் கண்டுபிடித்து மாடியையே குலுங்கவைத்தவனும் அவன்தான். அவனுக்கு ‘ஏழரண் தாசில்தார்’ என்று பட்டமே கொடுத்திருந்தார்கள். அவன் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் வேடிக்கை.

நாலாம் தொகுப்புக் கூட்டத்தில் அவன் கையில் சிக்கியது பூவாத்தாளின் கதை. பூவாத்தாளுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். காரமடையில் சொந்தமாக மெடிக்கல் ஷாப் நடத்திக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்கு வந்தால் பின்வரிசையில் உட்காருவாள், கடைசி டீயைக் குடிப்பாள், மேட்டுப்பாளையம் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவாள். அவளுடைய கதையில் உப்பு விற்கிற ஒரு கைம்பெண் விடியற்காலையில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வடக்கு வாசல் வழியாக ஏழரணுக்குள் வருகிறாள். காவல்காரன் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்துவிடுகிறான்.

ஆஸிம் எழுந்தான். முதல் தொகுப்பில் அழகிரிசாமி எழுதிய போர்க்கதையில் வடக்கு வாசல் கதவு எரிந்து சாம்பலானதை நினைவூட்டினான். அழகிரிசாமிதான் அந்தக் கூட்டத்தில் பெரிய எழுத்தாளர். முன்வரிசையிலிருந்து அவர் தலையை ஆட்டினார். ஆஸிம் அதோடு உட்கார்ந்திருக்கலாம். தலையாட்டல் கிடைத்த சந்தோஷத்தில் அவனுக்கு நாக்கு நீண்டது.

“சாம்பலுக்குத் தாழ்ப்பாள் போட்டது யாருங்க?”

மாடியே சிரித்தது. பூவாத்தாள் எழுந்து நின்றாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பதில் தேடித் தவிக்கிறாள் என்று ஆஸிம் நினைத்தான். கடைசியில், பிசகாகத்தான் இருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மெதுவாகச் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். ஆஸிமுக்குக் கைதட்டினார்கள். அரங்கசாமிக்கு அச்சுப்பிழை தெரியும், கதைப்பிழை தெரியாது. பெரியவர் அழகிரிசாமி முகம் கோணக் கூடாது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அடுத்த தொகுப்பில் பூவாத்தாள் கதை வேண்டாம், ஒரு தடவை ஆறப்போடலாம் என்று எல்லார் முன்னாலும் அறிவித்தார்.

அந்த வாரம் ஆஸிம் குடியிருந்த கோட்டைமேட்டில் கேபிள்காரருக்கும் யாருக்குமோ தகராறு. தெருவில் ஒரு வீட்டிலும் டிவி ஓடவில்லை. ஆஸிமின் மனைவி இஸ்மத் பொழுதுபோகாமல் அலமாரியிலிருந்த ஏழரண் தொகுப்புகளை எடுத்துக்கொண்டாள். எந்தக் கதை உசத்தி, எதைத் தள்ளிவிடலாம் என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை. அதனால் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே அவனுடைய வெற்றிக் கதையை மறுபடி கேட்டாள். கேட்டுவிட்டு, ஒன்றும் புரியாதவளாகச் சொன்னாள்:

“அந்தக் கதவுதான் மூணாவது புக்ல புதுசா மாட்டிட்டாங்களே? அதுவும் அந்தம்மா எழுதினதுதானேங்க?”

வேறு ஏதாவது வாசலாக இருக்கும் என்று ஆஸிம் சிரித்தான். இஸ்மத் விடவில்லை. அந்தத் தச்சனின் பெண்டாட்டி என்ன செய்தாள் தெரியுமா என்று ஆரம்பித்தாள். ஆஸிம் எச்சில் கையோடு எழுந்து அலமாரிக்குப் போய்விட்டான். அவள் சொல்ல வந்தது அப்படியே நின்றது.

மூன்றாம் தொகுப்பில் அந்தக் கதை இருந்தது. முதல் பக்கத்தைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது. தச்சர்களுக்குச் சோறாக்க ஒரு பெண் அரிசி ஊறவைக்கிறாள். வாள் இல்லை, மந்திரம் இல்லை, ஒரு பேய்கூட இல்லை. இதென்ன அடுப்படிக் கதை என்று அன்றைக்கே பக்கங்களைத் தள்ளிவிட்டு அழகிரிசாமியின் கதைக்குப் போனவன் அவன். மூன்று தடவை என்று சொன்னானே, மூன்று தடவையும் தள்ளினான். இப்போது விரலால் வரி வரியாகத் தடவிக் கதவைத் தேடினான். நடுவில் ஓரிடத்தில் கிடைத்தது. புது வேங்கைமரக் கதவு, இரும்புத் தாழ்ப்பாள், அதை மாட்டிய தச்சனின் பெயர் உள்பட எல்லாம் இருந்தன. அந்தத் தாழ்ப்பாளைத்தான் உப்புக்காரிக்காகக் காவல்காரன் நீக்கினான்.

ஆஸிம் புத்தகத்தை மூடினான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. சாம்பலுக்குத் தாழ்ப்பாள் என்று தான் சொன்ன குரல் தன் காதிலேயே திரும்பத் திரும்பக் கேட்டது. படிக்காதவன் எழுந்து நின்று, எழுதினவளைப் பார்த்து, நீ படிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறான். அதற்குக் கைதட்டலும் வாங்கியிருக்கிறான்.

நேரே கணபதிக்குப் போய் அரங்கசாமியிடம் சொல்வதுதான் முறை. அடுத்த தொகுப்பின் வேலை இன்னும் தொடங்கவில்லை. பூவாத்தாளின் இடத்தைத் திரும்ப வாங்கித்தர நேரம் இருந்தது. ஆனால் அரங்கசாமியிடம் சொன்னால் அது மாடி முழுக்கத் தெரியும். தாசில்தார் படிக்காமலே பட்டா கொடுத்த கதையைச் சொல்லி வருடக்கணக்கில் சிரிப்பார்கள். அதை நினைத்ததும் அவனுக்குக் கால் வரவில்லை. அதனால் காரமடைக்குப் போய் அந்த அம்மாவிடம் மட்டும் தனியாக மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தான். ஊர் பார்க்கச் செய்ததை ஒருத்தர் மட்டும் பார்க்கச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று பாருங்கள். அரைக் கிலோ மைசூர்பாகு வேறு வாங்கிக்கொண்டான்.

காரமடையில் கடையைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. பூவாத்தாள் அவனைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு, முகம் சுளிக்காமல் வாங்க வாங்க என்று கூப்பிட்டு உள்ளே ஸ்டூல் போட்டாள். பக்கத்து பேக்கரியில் டீ சொன்னாள். ஆஸிம் இனிப்புப் பெட்டியைக் கண்ணாடி மேஜைமேல் வைத்துவிட்டு, வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை ஒப்பித்தான். மறுபடி ஒரு தடவை படித்துக்கொண்டிருக்கும்போது தன் தவறு தனக்கே தெரிந்தது என்று சொன்னான். ‘மறுபடி’ என்றதும் பொய், ‘தனக்கே’ என்றதும் பொய். மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலும் அவனுக்குத் தாசில்தார் வேலை போகாமல் இருக்க வேண்டியிருந்தது.

“அட, அதைப் போயி மனசுல வெச்சுட்டு இத்தனை தூரம் வந்தீங்களாக்கும். நான் அன்னைக்கே விட்டுப்போட்டேனுங்க” என்றாள்.

இவ்வளவு சுலபமாக முடிந்துவிடும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. மனது லேசானது. லேசானதும் தாராளமும் வந்தது. அரங்கசாமியிடம் சமயம் பார்த்து, பக்குவமாகத் தானே சொல்வதாகவும் அடுத்த தொகுப்பில் கதை வரும்படி பார்த்துக்கொள்வதாகவும் வாக்குக் கொடுத்தான். காய்ச்சல் மாத்திரை கேட்டு ஒருவர் வந்தார். பூவாத்தாள் எடுத்துக் கொடுத்து, சாப்பிட்ட பிறகு போடச் சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பினாள்.

“சொன்னா சேத்துக்குவாருங்க. ஆரு படிப்பாங்க?”

ஆஸிம் பேச்சை மாற்றினான். அன்றைக்கு ஏன் அவள் எடுத்துச் சொல்லவில்லை என்று கேட்டான். மூன்றாம் தொகுப்பைப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே என்றான்.

“சொல்லத்தானுங்க எந்திரிச்சேன். அதுக்குள்ள ஒரு நெனப்பு. நாஞ் சொல்றதவிட, படிச்சவங்க ஒருத்தர் எந்திரிச்சுச் சொல்லட்டுமேன்னு ஒவ்வொரு மொகமாப் பாத்தேன். ஒருத்தருக்கும் தெரியலீங்க. எரிச்சவருக்கே தெரியலை, கதவு மறுபடி வந்துருச்சுன்னு. அச்சடிச்சவருக்கும் தெரியலை. அப்பறம் அதைச் சொல்லி என்னாகப் போகுதுன்னு உக்காந்துட்டேன்.”

அவன் தலையைத் தூக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டு வந்த முகங்களில் தன் முகமும் ஒன்று என்பது அவனுக்கு உறைத்தது. அதுவும் சிரித்துக்கொண்டிருந்த முகம். பேக்கரியிலிருந்து டீ வந்தது. அவள் எடுத்து அவன் கையில் கொடுத்தாள். பிறகு எதிரில் உட்கார்ந்து, இத்தனை நேரம் இல்லாத ஒரு கூச்சத்தோடு கேட்டாள்.

“போவுதுங்க, இப்பவாச்சும் நீங்க ஒருத்தர் படிச்சிருக்கீங்க. கதை எப்படீங்க இருந்துச்சு?”

நன்றாக இருந்தது என்று ஆஸிம் சொன்னான். ரொம்ப நன்றாக இருந்தது என்று இன்னொரு தடவையும் சொன்னான். அவள் முகம் மலர்ந்துவிட்டது. மேஜைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

“அந்தத் தச்சன் பொண்டாட்டி கடைசில அப்படிச் செஞ்சது செரிதானுங்களா? எனக்கே இன்னும் ரோசனையாத்தான் இருக்குது. மாத்தி எழுதியிருக்கோணுமோன்னு தோணும். கேக்க ஆளில்லீங்க.”

தச்சன் பெண்டாட்டி கடைசியில் என்ன செய்தாள்? அரிசி ஊறவைத்தாள் என்பது வரைக்கும்தான் ஆஸிமுக்குத் தெரியும். அப்புறம் கதவு. கதவு கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிட்டான். தவறு எங்கே என்று தேடத்தான் அவன் அந்தக் கதைக்குள் போனான். அது கிடைத்ததும் வெளியே வந்துவிட்டான். சரிதான் என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்துவிடலாம். வாய்வரை வந்தது. ஆனால் எதிரில் அந்தக் கண்கள் அவ்வளவு ஆசையாகக் காத்துக்கொண்டிருந்தன. டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

“நான் படிக்கலீங்க. கதவு வர்ற எடத்த மட்டுந்தான் பாத்தேன். அதுவும் நானாப் பாக்கலை. எங்க ஊட்லதான் படிச்சுப்போட்டுச் சொன்னாங்க.”

பூவாத்தாள் சாய்ந்திருந்த இடத்திலிருந்து மெல்ல நிமிர்ந்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவள் அவனை விட்டுவிட்டு வேறு யாரையோ நினைத்துக்கொண்டிருந்தாள்.

“உங்க ஊட்டுக்காரங்க முழுசாப் படிச்சாங்களா?”

ஆமாம் என்று தலையாட்டினான்.

“என்னங்க சொன்னாங்க?”

இஸ்மத் சொல்ல ஆரம்பித்தாள். தச்சன் பெண்டாட்டி என்ன செய்தாள் தெரியுமா என்றுதான் ஆரம்பித்தாள். அதற்குள் இவன் எழுந்துவிட்டான். அதற்குப் பிறகும் அவளிடம் கேட்கவில்லை. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது எங்கே போகிறான் என்றுகூட அவளிடம் சொல்லவில்லை.

“கேக்கலீங்க” என்றான்.

பூவாத்தாள் எழுந்தாள். மருந்துச் சீட்டோடு வந்து நின்ற ஓர் அம்மாவைச் சித்த நேரம் இருக்கச் சொன்னாள். இனிப்புப் பெட்டியை எடுத்து, பிரிக்காமலே, இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினாள். அவனைப் பார்த்துப் பேசினபோது மரியாதை ஒரு துளிகூடக் குறையவில்லை.

“இதை அவங்ககிட்டக் குடுங்க. நீங்க வந்ததுக்குப் பதிலா அவங்களை அனுப்பியிருக்கலாமுங்களே.”