போர் போடத் தடை

எங்கள் ஊர் கிராம சபைத் தீர்மானத்தை எழுதியவன் நான். கல்லூரியில் ஜியாலஜி படிக்கிறான் என்று என் கையில் பேனாவைக் கொடுத்தார்கள். தமிழ் படிக்கிற யாரிடமாவது கொடுத்திருக்கலாம்.

அது 2017 மே தினம். ஆலங்குடிப் பக்கமெல்லாம் தென்னைகள் மட்டையைத் தொங்கப்போட்டு நின்ற வருடம். எரிவாயுக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து விளக்கினார். பூமிக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் துளை போட்டு, மணலும் ரசாயனமும் கலந்த தண்ணீரை அழுத்திச் செலுத்திப் பாறையைப் பிளந்தால் வாயு மேலே வரும். நாடு வெளியே வாங்குவது குறையும், ஊருக்கு ரோடும் வேலையும் வரும் என்றார்.

"எம் மவன் குவைத்துல இதே வேலதான் பாக்குறான். இங்கிட்டே பாத்தான்னா பேரன் மொகத்தப் போன்ல பாக்க வேண்டியதில்ல," என்றார் சேவுகன். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

என் சித்தப்பா செல்லமுத்து எழுந்தார். "எம்புட்டுத் தண்ணி விடுவீங்க?"

"ஒரு கிணற்றுக்கு ஒரு கோடி லிட்டர் ஆகலாம்."

"திரும்பி மேல வாரத எங்கிட்டு ஊத்துவீங்க?"

"சுத்திகரிப்போம்."

"நடுவுல கொழாய் விட்டுப்போச்சுன்னா?"

"வாய்ப்பு ரொம்பக் குறைவுங்க."

"எனக்குத் தண்ணியும் ரொம்பக் குறைவுதாங்க."

"சிலிண்டர் மட்டும் வேணுமாக்கும்," என்று சேவுகன் முணுமுணுத்தார். ஆனால் கைகள் உயர்ந்துவிட்டன. ஊரார் வாயில் வந்த சொல்லையே வைத்து, என் நடையில் எழுதினேன்: ‘எங்கள் ஊரில் இனி யாரும் போர் போட அனுமதி வழங்கக் கூடாது.’ எங்கள் ஊரில் பூமியை யார் துளைத்தாலும் அதற்குப் பெயர் போர்தான்.

ஜூனில் சித்தப்பாவின் போர் வற்றியது. அதை நம்பி நாற்பது தென்னை. புதிதாக ஒன்று போட அனுமதி கேட்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போனோம். பஞ்சாயத்துத் தலைவரே இல்லாத காலம், எல்லாம் அங்கேதான். எழுத்தர் குணசேகரன் ஃபைலைப் புரட்டினார்.

"ஒங்க ஊர்ல போர் போடத் தடை இருக்கே."

"அது கம்பெனிக்கு சார்," என்றேன்.

"யாரும்னுல்ல போட்டிருக்கு. நீங்க அந்த யாரும்ல வர மாட்டீங்களா?"

"தண்ணியக் காப்பாத்தத்தான் சார் தீர்மானமே."

"காப்பாத்தியாச்சுல்ல? எடுக்காம இருங்க."

திருத்த வேண்டுமானால் அடுத்த கிராம சபையில்தானாம். ஆகஸ்ட் பதினைந்து. சுதந்திர தினம் வரை தாக்குப்பிடிக்கும்படி தென்னைகளுக்கு யார் சொல்வது?

திரும்பும் பஸ்ஸில் சித்தப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. "யாரும்னு எழுதச் சொன்னது யாருடா?"

"படிக்கக் கம்பீரமா இருந்துச்சு சித்தப்பா."

மூன்று நாள் கழித்து எனக்கு ஒரு யோசனை வந்தது. புதிய விண்ணப்பத்தில் ‘ஆழ்துளைக் கிணறு’ என்று எழுதினேன். போர் என்ற சொல்லே இல்லை. குணசேகரன் தீர்மானத்தையும் விண்ணப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு தடவை படித்தார்.

"இது போர் இல்ல, கெணறு. கெணத்துக்குத் தடை கெடயாது," என்றார் நிம்மதியாக. அதே நிம்மதியில் அடியிலிருந்து இன்னொரு ஃபைலை உருவினார். "இதுவும் ஒரு மாசமாத் தொங்குது. அந்தக் கம்பெனிதான். ஆய்வுக் கிணறுன்னு கேட்டிருக்காங்க. ஒங்களுக்குக் குடுக்குற மாதிரியே இதுக்கும் ஆட்சேபணை இல்லன்னு எழுதிரலாம்."

முத்திரையை மைப்பெட்டியில் அழுத்தினார். சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அது ஓடவில்லை.

சித்தப்பா கையை நீட்டித் தன் விண்ணப்பத்தை முத்திரைக்கு அடியிலிருந்து இழுத்துக்கொண்டார்.

"சார், கெணறும் போருதான்."

"அப்ப ஒங்களுக்கும் கெடயாதே."

"கெடயாதுதான். ரெண்டும் ஒண்ணுன்னு நான் எழுதித் தாரேன். ரெண்டையும் சேத்தே நிறுத்துங்க."

குணசேகரன் பெருமூச்சு விட்டு, இரண்டு ஃபைலையும் ஒரே நாடாவில் கட்டினார். "ஆகஸ்ட் பதினஞ்சு," என்றார்.

அதுவரை லாரித் தண்ணீர். லாரி தோப்புக்குள் வராது, ரோட்டோரத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து குடம் சுமக்க வேண்டியவன் தீர்மானம் எழுதியவன்தான் என்று சித்தப்பா தனியாக ஒரு தீர்மானம் போட்டார். மரத்துக்கு நாலு குடம். இருபத்திரண்டாவது மரத்தில் நான் மூச்சுவாங்கிக்கொண்டிருந்தபோது சேவுகன் வேலியோரம் வந்து நின்றார்.

"என்ன மாப்ள," என்றார். "ஊருக்குள்ள வேல வந்துருச்சு போல."